கேள்வி வீடு

எங்கள் தெருவில் இரண்டு விதமான வீடுகள் இருந்தன. பொருள் வீடு, கேள்வி வீடு. இந்தப் பெயர்களைத் திட்டத்துக்காரர்கள் வைக்கவில்லை. தெருவில் நாங்களாகவே வைத்துக்கொண்டோம். என் வீடு கேள்வி வீடு.

அப்போது நாங்கள் கோவிலம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தோம். ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். என் வீட்டுக்காரர் பெயிண்டர். பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பார். நான் மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் காலை வேலைக்குப் போவேன். மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. பால்வாடி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் அங்கே கொண்டுபோய் விட முடியாத நாள்களே அதிகம். அதனால் எதிர் வீட்டு அக்காதான் மத்தியானம் வரை அவளைப் பார்த்துக்கொள்வார். அக்காவைப் புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அவருடைய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விடும். என் பெண்ணுக்கு அக்கா வீடுதான் சொந்த வீடு மாதிரி. பசித்தாலும் அங்கேதான் போய் நிற்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து மரத்தடிக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பருத்திச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, கைகூப்பி வணக்கம் சொன்னார். அவர் பேசப் பேச, பக்கத்தில் நின்ற ஒரு சார் தமிழில் சொன்னார். உலகத்தில் வறுமையைக் குறைக்க எது உதவும் என்று கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறோம். சில வீடுகளுக்குத் தொழில் செய்யப் பொருள் கொடுத்துப் பயிற்சியும் கொடுப்போம். சில வீடுகளுக்கு எதுவும் கொடுக்க மாட்டோம், அவ்வப்போது வந்து கேள்விகள் மட்டும் கேட்போம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கொடுத்ததால் பலன் உண்டா என்று தெரியும். எந்த வீட்டுக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும், அதில் யாரும் தலையிட முடியாது.

சார் அதை நல்ல செய்தி போலச் சொன்னார். நாங்களும் கைதட்டினோம். பிறகு, சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். சம்மதம் என்றோம். இல்லை என்று சொன்னால் நாளைக்கு எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

அக்காவுக்குத் தள்ளுவண்டி கிடைத்தது. நீலப் பெயிண்ட், புது அடுப்பு, இட்லிக் கொப்பரை, எவர்சில்வர் டப்பாக்கள். வண்டியைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்த அன்று அக்கா என்னைப் பார்த்து அழுதுவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்குக் கேள்வி வந்தது.

கேட்க வந்தவள் சின்னப் பெண். தாம்பரத்தில் காலேஜ் படிப்பை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. என் வீட்டுக்காரர் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்து மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரண்டு வேளைதான் சாப்பிட்ட நாள் உண்டா? காரணமில்லாமல் மனசு சரியில்லாமல் இருந்ததா? மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எங்கே போவீர்கள்?

"வீட்டுக்காரர் திடீர்னு வேலைக்குப் போக முடியாமப் போயிட்டா எவ்ளோ நாள் சமாளிப்பீங்க அக்கா?"

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்று சிரித்தார்.

"சாரி அண்ணா. எல்லா வீட்லயும் இதேதான் கேக்கணும்." அவள் முகம் சிவந்துவிட்டது. தலை குனிந்தபடியே அடுத்ததைக் கேட்டாள். "போன மூணு மாசத்துல வீட்ல யாராவது இறந்திருக்காங்களா?"

இல்லை என்றேன். அவள் விரல் திரையில் ஓரிடத்தைத் தொட்டது. கடைசியாக, பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து என் மகளின் மேல்கையைச் சுற்றி அளந்தாள். நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் இருந்தன. பச்சையில் நின்றது. "குட் கேர்ள்" என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, நேரம் ஒதுக்கியதற்காக ஒரு துணி சோப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை குழாயடியில் எங்கள் வரிசைக் கடைசி வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவளுடையதும் கேள்வி வீடு. அவள் பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். இடுப்பில் அவன், கையில் குடம்.

"நீ எல்லாத்தையும் உண்மையா சொன்னியா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"நான் எல்லாத்துக்கும் நல்லா கீறோம்னு சொல்ட்டேன். செத்தாங்களா, வுழுந்தாங்களான்னு கேட்டுகினே கீது. அத்தனைக்கும் நாம ஆமான்னு பதில் சொன்னா அதெல்லாம் வூட்டுக்குள்ள வந்து குந்திக்காதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அக்காவின் வண்டி பல்லாவரம் ரோட்டோரம் நன்றாக ஓடியது. கட்டட வேலைக்குப் போகிறவர்களும் டேங்கர் லாரிக்காரர்களும் இட்லிக்கு வரிசையில் நின்றார்கள். விடியும் முன்பே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அக்கா திரும்ப மத்தியானம் ஆகிவிடும். முதல் சில நாள்கள் என் மகளையும் கூடவே கூட்டிப்போனார். கொதிக்கும் கொப்பரை ஒரு பக்கம், ரோட்டில் போகும் லாரிகள் ஒரு பக்கம். குழந்தை ஒருநாள் ரோட்டுக்கு ஓடிவிட்டது.

"என்னால முடியாது கண்ணு" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டே சொன்னார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா செய்வேன்?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நீல வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அன்று முதல் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு இருமல் ஆரம்பித்தது. பெயிண்ட் அடிக்கும் முன் சுவருக்குப் பூசுகிற பட்டியைத் தேய்க்கிற தூசி என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் வேலைக்குப் போவார், இரண்டு நாள் படுப்பார். படுத்திருக்கிற நாள்களில் குழந்தை அவரிடம் இருந்தது. அவர் வேலைக்குப் போனால் நான் வேலைக்கு லீவு. ஒரே அறை, ஒரே ஜன்னல். அதையும் ஏரிக் கொசுவுக்குப் பயந்து மூடியே வைத்திருப்போம். நான் வேலை முடிந்து வந்தால் அப்பாவின் மார்பில் குழந்தை படுத்துத் தூங்கும். அவர் இருமும்போது அதுவும் சேர்ந்து அதிரும்.

வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாவிட்டால் எத்தனை நாள் சமாளிப்பீர்கள். ராத்திரி படுத்தால் அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. கடைசி வீட்டுக்காரி சொன்னதும் கூடவே வந்தது. கேட்டது ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் வராத கேள்வி எது என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். அதே பெயிண்ட் வாளி, அதே கேள்விகள். இந்த முறை என் பதில்கள் வேறாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் திரையைத் தொடும் முன் அவள் ஒரு கணம் நிறுத்தினாள். உள்ளே என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி இருமிக்கொண்டே இருந்தார். அவரால் இந்த முறை வேடிக்கை பேச முடியவில்லை.

குழந்தையின் கையை அளந்தாள். பார்த்தாள். நாடாவை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றி அளந்தாள்.

"ஏன் மேடம், ரெண்டு வாட்டி?"

"ஒண்ணுமில்ல அக்கா. சரியா வந்திருக்கான்னு பாத்தேன்."

மஞ்சளில் நின்றதை நானும் பார்த்தேன். "மஞ்சள்னா இன்னா?" என்று கேட்டேன்.

அவள் டேப்லெட்டைப் பையில் வைத்தாள். "எங்களுக்கு அதுக்கு மேல சொல்ல பர்மிஷன் இல்ல அக்கா." சோப்பை என் கையில் கொடுத்தாள். தெருமுனை வரை போய், திரும்பி ஒருமுறை என் வீட்டைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

 சொல்லாமல் போனாள் என்றால் சொல்ல முடியாத விஷயம் என்றுதானே அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்யும் அடுக்குமாடியின் கேட் அருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். பையும் இல்லை, டேப்லெட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. வெறும் கையோடு நின்றபோது இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு வேல போயிடும்."

"சொல்ல மாட்டேன். பாப்பாக்கு இன்னா?"

"பாப்பா இளைச்சுக்கிட்டே போகுது. அண்ணன் இருமலும் சாதாரண இருமலா எனக்குத் தெரியல. என் மாமாவுக்கு இப்படித்தான் இருந்துது. ரெண்டு பேரையும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் வரேன்."

"அன்னிக்கே வூட்ல சொல்லிருக்கலாமே மேடம்?"

அவள் கேட் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்கு எங்களால எந்த உதவியும் வரக் கூடாதுன்னு ரூல் அக்கா. வந்தா கணக்கு கெட்டுடும். சிவப்பு வந்தா மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மஞ்சளுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது, அடுத்த ரவுண்டுல திரும்ப அளக்கணும். நான் மேல கேட்டுப் பாத்தேன். வெயிட் பண்ணுன்னாங்க."

சிவப்பு வரும்வரை காத்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. டேங்கர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. 

மறுநாள் தாம்பரத்துக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். சீட்டு வாங்கினாள், எங்கே போக வேண்டும் என்று கேட்டு வந்தாள், எக்ஸ்ரே அறையில் குழந்தை கத்தியபோது கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் கையில் ஊசி போட்டு, தடிக்கிறதா என்று பார்க்க மறுபடி வரச் சொன்னார்கள். மறுபடி அவளோடு போன அன்றுதான் முடிவு தெரிந்தது, இரண்டு பேருக்குமே டிபி. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது. டாக்டரம்மா வயதானவர், கடுகடு என்று பேசினார். ஆனால் குழந்தையைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை இப்பவே வந்தீங்க. விட்டுருந்தா மூளைக்குப் போயிருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான்தான தூக்கி மேல போட்டுகினு கெடந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மாத்திரை ஃப்ரீதான் அண்ணா, ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டா சரியாயிடும்" என்று சமாதானம் சொன்னாள்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் குழந்தைக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. மருந்தால் அப்படித்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள், இருந்தும் முதல் தடவை பார்த்தபோது அலறிவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டு அக்கா ஓடி வந்தார். பல நாளாக எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. அன்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார் என்பதையும் சேர்த்து.

அக்கா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் மட்டும் வூட்ல இருந்திருந்தா இது அப்பன் மேல கெடந்திருக்காது" என்றார். அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. 

அந்தக் கனம் தாங்காமல்தான் அக்கா அப்படிச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது. பொருள் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு சார் வந்து தொழில் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அவரிடம் அக்கா மனசு நிறைந்து சொல்லியிருக்கிறார். "உங்க ஆபீஸ்ல அந்தக் கேள்வி கேக்குற பொண்ணு கீதே, தங்கம் சார். எதிர் வூட்டுப் புள்ளைய அதான் காப்பாத்துச்சு. அதுக்கு நீங்க ஏதாவது நல்லது செய்யணும்."

அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது அவள் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்தார். பெயிண்ட் வாளியை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"சிஸ்டர், முன்னாடி வந்தவங்க சர்வே தவிர உங்களுக்கு வேற ஏதாவது ஹெல்ப் பண்ணாங்களா?"

"இல்ல சார்."

"ஆஸ்பத்திரிக்கு யாரோட போனீங்க?"

"நாங்களாத்தான் போனோம்."

"யாரும் போகச் சொல்லலையா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா சார், புள்ள இளைக்கிறது?"

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, சலிப்பாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். திரையில் ஏதோ தட்டிவிட்டு, "ஓகே. இனிமே உங்க வீட்டுக்கு விசிட் இருக்காது. உங்க வீட்டை ஸ்டடியிலேருந்து எடுத்துட்டோம்" என்றார்.

"அந்தப் பொண்ணு?"

"அவங்க இப்ப எங்ககூட வேலை செய்யல."

அவள் கொடுத்திருந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. பிறகு அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது.

அன்று எங்கள் வீட்டிலிருந்து இறங்கி, அந்த ஆள் வரிசையில் இருந்த மற்ற கேள்வி வீடுகளுக்குப் போனார். கடைசி வீட்டுக்குள் அவர் போனதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் இல்லை, சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அன்று மாலை குழாயடியில் நான் கடைசி வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உன் பையனையும் ஒருவாட்டி ஆஸ்பத்திரில காட்டிடு. இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே காத்தைத்தான் இழுக்கிறோம்."

"அதான் அளந்து பாத்துட்டுப் போறாங்களே" என்றாள் அவள். "எதுனா இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"ஏன் சொல்ல மாட்டாங்க? படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். அளவு எடுக்க எடுக்க, கேள்விகள் மேலிருந்த பயம் போய் அவளுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்திருந்தது. அதற்குமேல் நான் என்ன சொன்னாலும், என் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட ஆத்திரத்தில் பேசுகிறேன் என்றே நினைத்தாள்.

மழைக்காலம் வந்தது. ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் ஏறி, பிறகு வடிந்தது. சுவர்களில் அழுக்குக் கோடு. ஒருநாள் விடியற்காலை கடைசி வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் போனபோது பையன் அவள் மடியில் கிடந்தான். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள், பக்கத்துக் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல்தானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. முன்பே காட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்பதும் தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்.

"மஞ்சள்ல நின்னுச்சுக்கா. இன்னா சார்னு கேட்டேன். ஒண்ணும் இல்லன்னாரு."

திட்டம் முடிந்தபோது மறுபடி பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டு அம்மா வந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவின் இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டார், அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர் கண் உண்மையாகவே கலங்கியது. பொருள் கொடுத்த வீடுகள் முன்னேறியிருக்கின்றன, இதை இனி பல நாடுகளில் செய்வார்கள் என்று சார் தமிழில் சொன்னார். கேள்விகளுக்குப் பதில் சொன்ன வீடுகளுக்குத் தனியாக நன்றி, நீங்கள் இல்லாவிட்டால் இது எதுவும் தெரிந்திருக்காது என்றும் சொன்னார்.

கடைசி வீட்டுக்காரி எழுந்து நின்றாள். யாரோ மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"எங்க வூட்ட கேள்வி வூடுன்னு எந்தக் கம்ப்யூட்டர் எடுத்துச்சு?"

சார் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். வெளிநாட்டு அம்மா பொறுமையாக நீண்ட பதில் சொன்னார். "எல்லாருக்கும் சமமான வாய்ப்புதான் இருந்துச்சுன்னு சொல்றாங்க" என்றார் சார்.

"சரி. என் பையனுக்கு மஞ்சள் வந்துச்சே, அது எங்க போச்சு?"

சார் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. வெளிநாட்டு அம்மா அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். சார் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையசைத்து, கடைசி வீட்டுக்காரியைப் பார்த்துக் கைகூப்பினார். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அக்காவும் நானும் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தோம். பின்னால் கைதட்டல் கேட்டது. அந்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சரியாகிவிட்டது. கயிற்றில் ஏற மூச்சு பத்தாது, இப்போது உள்சுவர் வேலைக்கு மட்டும் போகிறார். நாங்கள் வண்டலூர் பக்கம் வந்துவிட்டோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

போன மாதம், நாங்கள் இருக்கும் தெருவின் முனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சிலர் இறங்கினார்கள். வேறு ஆட்கள், வேறு ஆபீஸாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, ஏதோ குடுக்கப் போறாங்களாம். பேர் எழுதறாங்க, வா சீக்கிரம்."

"போய் எழுதிக்கோ. அதுக்கு முன்னால இவள ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடு."

"ஏன்க்கா? நல்லாத்தான கீறா?"

"நல்லாத்தான் கீறா. இருந்தாலும் காட்டு" என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு கார் நின்ற பக்கம் ஓடினாள்.